எங்கள் தெருவில் எடுத்த கணக்கு எங்கே இருக்கிறது?

எங்கள் பகுதிக் காலனிகளில் கணக்கெடுப்பு என்பது யாருக்கும் புதிதல்ல. அறுவடை முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் வந்துவிடுவார்கள். ஒரு குழு கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கும். இன்னொரு குழு கடன் எவ்வளவு என்று கேட்கும். மூன்றாவது குழு, டீக்கடையில் உங்களுக்குத் தனி டம்ளரா என்று கேட்கும். சமூகப்பணி படிக்கும் மாணவர்கள், பிஎச்டி ஸ்காலர்கள், வெளிநாட்டுப் பேராசிரியரின் புராஜெக்டில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று எல்லோரையும் பார்த்துவிட்டோம். அவர்களுக்கு வழி காட்டியது நாங்கள். ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு காலனிக்குள் எப்படி வருவது என்று சொன்னது நாங்கள். வாய் திறக்கத் தயங்கிய பெண்களிடம் "நம்ம பிள்ளைங்கதான், சொல்லுக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்ததும் நாங்கள்தான்.

ஆனால் ஒரு கேள்விக்கு இதுவரை நேரான பதில் கிடைத்ததில்லை. எங்கள் தெருவில் எடுத்த அந்தக் கணக்கெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

ஆய்வேட்டைக் கேட்கவில்லை. அது கிடைக்கும். 2009இல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறைக்குப் பிறகு பிஎச்டி ஆய்வேடுகளின் மின்பிரதியைப் பல்கலைக்கழகங்கள் இன்ஃப்ளிப்நெட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஷோத்கங்கா தளத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகளை இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நல்ல காரியம்தான். நாங்கள் கேட்பது அந்த ஆய்வேட்டுக்கு அடியில் கிடக்கும் சரக்கை. பூர்த்தி செய்த வினாப்படிவங்கள், மணிக்கணக்கில் பதிவான பேட்டிகள், வீடுவாரியாகப் போட்ட எக்செல் பட்டியல், கையால் வரைந்த தெருப்படம், களக்குறிப்பு நோட்டு, போட்டோக்கள். ஆய்வுலகம் இவற்றைத்தான் தரவு என்கிறது. முந்நூறு பக்க ஆய்வேட்டில் எங்கள் நானூறு வீட்டுக் கதை நான்கு அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது. அட்டவணை ஷோத்கங்காவில் இருக்கிறது. நானூறு வீடு எங்கே?

காகிதம் இருந்ததால் கேட்க முடிந்தது

இது நூலகத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். பஞ்சமி நிலத்தை நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பின்னாளில் அடுத்தவர் கைக்குப் போனது. நூறாண்டு கழித்து நம் மக்கள் அதைத் திருப்பிக் கேட்டபோது அவர்கள் கையில் இருந்த ஆயுதம் என்ன? அந்த அறிக்கையும் அரசாணையும் பழைய நிலப் பதிவேடுகளும்தான். 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டு எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்கள் ஏதோ ஓர் அலமாரியில் செல்லரித்துப் போயிருந்தால், அது எங்கள் நிலம் என்று சொல்வதற்கே ஆதாரம் இருந்திருக்காது.

கையால் மலம் அள்ளும் கொடுமையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாநிலத்தில் அப்படி யாருமே இல்லை என்று அரசுகள் கூசாமல் சொன்ன காலத்தில், சஃபாய் கர்மாச்சாரி அந்தோலன் தோழர்கள் உலர் கழிப்பறைகளையும் அங்கே வேலை செய்தவர்களையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். படம் எடுத்தார்கள், பட்டியல் போட்டார்கள். 2003இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். "இல்லை" என்று சொன்ன அரசுக்கு எதிரே "இதோ" என்று வைக்க ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பல்கலைக்கழகம் இப்படி ஒரு வேலையைச் செய்யவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அது 1918இல் புத்தகமாக வந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அந்தக் கிராமங்களில் ஒன்று. அங்கே படியாட்கள் எப்படிக் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அதே கிராமங்களுக்கு 1930களில் மறுபடி போனார்கள். 1960களில், 1980களில், 2008இல் என்று வேறு வேறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். தொண்ணூறு ஆண்டில் ஒரு தலித் குடும்பத்துக்கு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஒப்பிட்டுப் பேச முடிகிறதென்றால், முதலில் எடுத்த கணக்கு அச்சில் ஏறித் தங்கிவிட்டதால்தான். அச்சேறாத கணக்குகளுக்கு அந்த யோகம் இல்லை.

ஆகவே நாங்கள் ஆய்வுக்கு எதிரி இல்லை. எங்களைப் பற்றி எழுதாதே என்று சொல்லும் கூட்டமும் இல்லை. எழுதிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. அதற்குக் காரணம், நாங்கள் கண்ணால் பார்த்த மூன்று சம்பவங்கள்.

தொலைந்த அறுபது பேட்டிகள்

எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி, அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தூய்மைப் பணியாளர் குடும்பங்களைப் பற்றி பிஎச்டி செய்தார். மூன்றாண்டு அலைந்து அறுபது பேரிடம் பேட்டி எடுத்தார். பெரும்பாலும் இரவில், அவர்கள் வேலை முடிந்து குளித்துவிட்டு உட்காரும் நேரத்தில். எல்லாம் பழைய லேப்டாப் ஒன்றில் இருந்தது. கொஞ்சம் பென் டிரைவில். ஒரு மழைக்காலத்தில் விடுதி அறைக்குள் தண்ணீர் ஏறி லேப்டாப் போயிற்று. பென் டிரைவில் இருந்த பாதிக் கோப்புகள் திறக்கவே இல்லை. டேட்டாவை மீட்டுத் தருகிற கடையில் 18,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் உத்தரவாதம் இல்லாமல்.

துறையில் போய்க் கேட்டபோது "அது உங்க சொந்தப் பொருள், நாங்க என்ன பண்ண முடியும்" என்றார்கள். பேட்டி கொடுத்தவர்களில் இருவர் அதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், மலக்குழிக்குள் தம் அண்ணன் இறந்த அன்று ஒப்பந்தக்காரர் என்ன பேசினார் என்பதைச் சொல்லியிருந்தார். அந்தக் குரல் இனி எந்த விலைக்கும் கிடைக்காது.

சமூக அறிவியல் ஸ்காலருக்கு உதவித்தொகையோடு வரும் சில்லறைச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதில்தான் பஸ், ஜெராக்ஸ், புத்தகம், ரெக்கார்டர் எல்லாம். வீட்டில் வசதி உள்ள பிள்ளை மாதச் சந்தா கட்டி இணையச் சேமிப்பகம் வாங்கிக்கொள்கிறான். அப்பா கட்டட வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பென் டிரைவை நம்பி இருக்கிறான். தரவு பத்திரமாக இருப்பதும் இப்படி வர்க்கமும் சாதியும் பார்த்துத்தான் நடக்கிறது.

கைடு அறையில் பூட்டிய படிவங்கள்

இன்னொருவர், எங்கள் எல்லோருக்கும் அக்கா. பதினோரு கிராமங்களில் தனியாளாகக் கணக்கெடுத்தார். படிவங்கள் எல்லாம் கைடு அறையில் இருக்கட்டும், பத்திரமாக இருக்கும் என்றார்கள். பிறகு இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. படிவங்களைத் திருப்பிக் கேட்டபோது, "புராஜெக்ட் என்னுது, டேட்டாவும் என்னுது" என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு அந்தத் தரவை வைத்து ஒரு கட்டுரை வெளியானது. அதில் அக்கா பெயர் நன்றியுரையில்கூட இல்லை. புகார் கொடுக்கப் போனால், எந்த விதியின் கீழ் என்று கேட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர் எடுத்த தரவு யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எழுதப்படாத இடத்தில் யார் சொல் செல்லும் என்பது நமக்குத் தெரியாததா?

பெயரை எடுத்துவிட்டார்கள், ஆளை எடுக்கவில்லை

மூன்றாவது சம்பவத்தைச் சொல்லும்போது கொஞ்சம் மறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் உங்களுக்கே புரியும். தீண்டாமை பற்றி ஒரு புராஜெக்ட். எடுத்த தரவைத் திறந்த தரவாக எல்லோருக்கும் பொதுவில் வைக்கிறோம் என்று ஓர் எக்செல் கோப்பை இணையத்தில் ஏற்றினார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊர் இருந்தது, தெரு இருந்தது, சாதி, வயது, தொழில், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் இருந்தது. அறுபது வீடு உள்ள காலனியில், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும், நாற்பதைத் தாண்டிய, கணவனை இழந்த பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர்தான். டீக்கடையில் என்ன நடக்கிறது, கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னது, அவருடைய வரிசையிலேயே பக்கத்துக் கட்டத்தில் இருந்தது.

ஊர்த்தெருப் பையன் ஒருவன் கல்லூரியில் படிக்கும்போது அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டான். ஒரு வாரத்தில் ஊரே பேசியது. அந்த அம்மா சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று தங்கள் பிள்ளைகளைத் தடுத்தார்கள். வயல் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம், பள்ளி என்று நாங்கள் அலைந்த கதை தனி. எங்கள் கடிதம் போன பிறகு கோப்பை எடுத்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் தரவிறக்கிக்கொண்டார்களோ. "பெயரை எடுத்துட்டோமே சார்" என்றுதான் அவர்கள் கடைசிவரை சொன்னார்கள்.

நகரத்து வாடகைக் குடியிருப்பில் வயதும் தொழிலும் ஆளைக் காட்டிக்கொடுக்காது. காலனியில் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பெயர் நீக்கத்துக்கு மேலே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஊரை எடுத்துவிட்டு வட்டம் என்று போடலாம். 47 வயது என்பதை 40–50 என்று ஆக்கலாம். சத்துணவு உதவியாளர் என்பதை அரசு சார்ந்த வேலை என்று மாற்றலாம். ஒரே மாதிரி விவரம் உள்ளவர்கள் குறைந்தது ஐந்து பேராவது இருந்தால்தான் அந்த வரிசையை வெளியில் விடுவது என்று கட்டுப்பாடு வைக்கலாம். தெரிந்தவருக்கு இதெல்லாம் இரண்டு நாள் வேலை. தெரிந்தவரைப் பல்கலைக்கழகம் நியமிக்கவில்லை.

சட்டம் காப்பாற்றுமா? 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவு என்று தனி வகை இருந்தது. சாதியும் பழங்குடியும் அதில் இடம் பெற்றிருந்தன. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே காணோம். ஆய்வுக்கென்று விதிவிலக்கும் இருக்கிறது. இந்த நாட்டில் ஒருவரின் சாதி வெளியே தெரிந்தால் வாடகை வீடு போகும், வேலை போகும், சில ஊர்களில் உயிரும் போகும். சட்டத்துக்கு அது தொலைபேசி எண் மாதிரி இன்னொரு விவரம். சட்டம் விட்ட ஓட்டையைப் பல்கலைக்கழகம்தான் தன் விதியால் அடைக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

இந்தக் காயம் நமக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினரிடம் 1990 முதல் ரத்த மாதிரி எடுத்தார்கள். சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று நம்பித்தான் மக்கள் கை நீட்டினார்கள். அந்த ரத்தம் மனநோய் ஆய்வுக்கும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

2016இல் ஆய்வுலகம் ஃபேர் என்ற நான்கு நெறிகளை வகுத்தது. தரவைத் தேடினால் கிடைக்க வேண்டும், அணுக முடிய வேண்டும், மற்றத் தரவோடு சேர்த்துப் பார்க்க முடிய வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். நான்குமே தரவைப் பற்றியவை. தரவு கொடுத்த மனிதர்களைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. பழங்குடி ஆய்வாளர்கள் 2019இல் கேர் என்ற வேறு நான்கு நெறிகளை முன்வைத்தார்கள். கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம். எங்கள் தரவால் எங்களுக்கு நன்மை வர வேண்டும், அது எங்கே போகிறது என்பதில் எங்களுக்கும் சொல் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒவ்வொரு காலனியிலும் பெண்கள் எங்களிடம் கேட்பதும் இதையேதான். "எங்க கதைய எடுத்துட்டுப் போறாங்களே, எங்களுக்கு என்ன வருது?"

எல்லோருக்கும் திறந்துவிடுவது, யாருக்கும் காட்டாமல் பூட்டுவது என்று இரண்டே வழிதான் உண்டு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் ஒரு தரவுக் காப்பகம் நடக்கிறது. அங்கே தரவை மூன்று அடுக்காகப் பிரித்து வைக்கிறார்கள். ஆபத்தில்லாததை யாரும் எடுக்கலாம். அடுத்த அடுக்குக்குப் பெயர் பதிந்து, நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய தரவுக்கு, பயிற்சி பெற்று அனுமதி வாங்கிய ஆய்வாளருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அந்த அம்மாவின் வரிசை இந்த மூன்றாவது அடுக்கில் இருந்திருக்க வேண்டியது.

பல்கலைக்கழகங்களிடம் நாங்கள் கேட்பவை

முதலாவது, ஓர் இடம். ஸ்காலர் பதிவு செய்யும் நாளிலேயே பல்கலைக்கழகச் சர்வரில் அவருக்கென்று பாதுகாப்பான இடம் கொடுங்கள். தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒரு பிரதி வேறு கட்டடத்தில் என்பது உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் எளிய வழக்கம். விடுதி அறையில் தண்ணீர் ஏறினாலும் நூலகத்தில் ஒரு பிரதி இருந்திருக்கும்.

இரண்டாவது, ஓர் ஆள். நூலகத்திலேயே ஒருவர் தரவுக்கென்று இருக்க வேண்டும். கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று எப்படி எழுதி வைப்பது, எதை மறைப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். தமிழ்த் தரவுக்கு இது இன்னும் அவசியம். பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய பேட்டிகளை இன்று புதிய கணினியில் திறந்தால் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கிறது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பழையதை யார் மாற்றி வைப்பது? பேட்டியை எழுத்தாக்கும்போது காலனிப் பேச்சைத் "திருத்தி" நல்ல தமிழாக்கிவிடுகிறார்கள். அந்த அம்மா சொன்ன சொல்லே போய்விடுகிறது. அதனால் ஒலிப்பதிவையும் சேர்த்தே காக்க வேண்டும்.

மூன்றாவது, பணம். ஹார்டு டிஸ்க், எழுத்தாக்கச் செலவு, பெயர் மறைக்கும் வேலைக்கான கூலி ஆகியவற்றை ஆய்வுச் செலவாகவே கணக்கில் எழுதுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஸ்காலர்கள் உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது ஊரறிந்தது. அந்தக் காத்திருப்பிலும் அவர்களுடைய தரவு பத்திரமாக இருக்க வேண்டும்.

நான்காவது, எழுத்தில் விதி. தரவு யாருடையது, கைடுக்கு என்ன உரிமை, ஸ்காலர் இடையில் நின்றாலோ கைடு மாறினாலோ அது யாரிடம் போகும், கட்டுரை வந்தால் யார் பெயர் வரும் என்பதெல்லாம் பதிவு நாளிலேயே இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக இருக்கட்டும். தரவைப் பகிரும்போது எடுத்தவருக்குச் சில ஆண்டுகள் முதல் உரிமை கொடுங்கள். நம் பிள்ளை வெயிலில் அலைந்து எடுத்ததை, குளிர்சாதன அறையில் இருப்பவர் முந்திக்கொண்டு எழுதிவிடக் கூடாது. தரவுத் தொகுப்புக்கே நிரந்தர அடையாள எண் கொடுத்து, அதைப் பயன்படுத்துகிறவர்கள் மேற்கோள் காட்டும்படி செய்ய முடியும். செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ தளம் இதை இலவசமாகவே செய்கிறது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரையை எண்ணும் பல்கலைக்கழகம், ஒழுங்காகக் காத்துப் பகிர்ந்த தரவையும் எண்ணட்டும்.

ஐந்தாவது, சம்மதம். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. தமிழில், வாய்மொழியாக, மூன்று கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள். இந்த ஆய்வுக்கு மட்டும் பேசுகிறீர்களா? பெயரை மறைத்து மற்ற ஆய்வாளர்களுக்குக் கொடுக்கலாமா? உங்கள் குரலைக் காப்பகத்தில் வைக்கலாமா? பிறகு மனம் மாறினால் யாருக்குப் போன் செய்வது என்று ஓர் எண்ணும் கொடுங்கள். மருத்துவ ஆய்வுக்கான ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல், நெறிமுறைக் குழுவில் துறை சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. சாதியைப் பற்றி ஆய்வு நடந்தால், அந்தக் குழுவில் அந்தச் சாதிக் கொடுமையை அனுபவித்த சாமானியர் இருக்கட்டும்.

ஆறாவது, திரும்பி வருவது. ஆய்வு முடிந்ததும் ஊருக்கு இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை, எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்ற எண்ணிக்கை மட்டும் போதும். அதை வைத்துக் கிராம சபையில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

பணமில்லை என்பவர்களுக்கு

துணைவேந்தர் அலுவலகங்களில் இதைச் சொன்னால் உடனே வரும் பதில், நிதி இல்லை என்பது. புதிய வளாகத்துக்கு நுழைவு வளைவு கட்ட நிதி வருகிறது. பட்டமளிப்பு விழாப் பந்தலுக்கு வருகிறது. தரவுக்கு முதலில் வேண்டியது கட்டடம் அல்ல. சில சர்வர்கள், பயிற்சி பெற்ற ஒன்றிரண்டு ஆட்கள், பத்துப் பக்க விதி. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகத் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. ஷோத்கங்காவை நடத்தும் கட்டமைப்பு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசு 2012இலேயே தன் துறைகளின் தரவைப் பகிர்வதற்குக் கொள்கை கொண்டுவந்தது. ஆய்வேட்டுக்கு ஒரு ஷோத்கங்கா கட்ட முடிந்த நாட்டுக்கு, ஆய்வேட்டின் வேரைக் காக்கவும் முடியும்.

நம் ஆட்களிடமிருந்தே இன்னொரு பதில் வருகிறது. "இவ்வளவு ஆபத்துன்னா தரவே வேண்டாம், எல்லாத்தையும் அழிச்சிடலாமே" என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் அழித்தால் யாருக்கு லாபம்? 2006இல் வெளிவந்த, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த தீண்டாமைக் கணக்கெடுப்பு இருப்பதால்தான், "அதெல்லாம் அந்தக் காலம்" என்பவர்கள் முகத்துக்கு நேரே எண்ணைச் சொல்ல முடிகிறது. 2011இல் வீடு வீடாக எடுத்த சாதிவாரிக் கணக்கின் முழு எண்ணிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. எண்ணை மறைத்து வைப்பதில் யாருக்கு வசதி என்று அதிலேயே தெரிகிறது. எங்கள் வலிக்கு ஆதாரம் இல்லாமல் போவதுதான் ஆதிக்கச் சாதிக்கு வேண்டியது. அதை நாமே செய்து கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் பகுதிக்கு ஆய்வுக்கு வருகிறவர்களிடம், டீ கொடுத்த கையோடு நான்கு கேள்வி கேட்கிறோம். எடுக்கும் தரவை எங்கே வைப்பீர்கள்? யார் யார் பார்ப்பார்கள்? எங்கள் ஊரை எப்படி மறைப்பீர்கள்? எங்களுக்கு எப்போது, எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்? சில பேராசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. வேறு ஊர் பார்த்துக்கொண்டார்கள். சில ஸ்காலர்கள் நோட்டை எடுத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு போய், தங்கள் துறையில் கேட்டிருக்கிறார்கள். ஒரு நூலகர் எங்களைத் தொடர்புகொண்டு, தங்கள் பல்கலைக்கழகத்துக்கு இப்படி ஒரு விதிப் படிவம் தயாரிக்க உதவ முடியுமா என்று கேட்டிருக்கிறார். உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பல்கலைக்கழகங்களில் படிக்கும், வேலை செய்யும் தோழர்களே, உங்கள் துறையில் தரவுக்கு விதி இருக்கிறதா என்று நாளையே கேளுங்கள். இல்லை என்றால் எழுத்தில் மனு கொடுங்கள். மனுவின் நகலை மட்டும் மறக்காமல் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

ஜெய்பீம்.